இரண்டு அலுவலகங்களும் ஒரு மலை எஞ்சினும்

கொல்கத்தாவின் டல்ஹவுசிப் பகுதியில், முன்பு கிளைவ் தெருவாக இருந்த நேதாஜி சுபாஷ் சாலையில், கில்லாண்டர் ஹவுஸ் இருக்கிறது. டார்ஜிலிங் மலை ரயிலை அரசு எடுத்துக்கொண்ட 1948 வரை அதை நிர்வகித்தது கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் கம்பெனி. ஹூக்ளிக் கரையோடு தெற்கே போனால் கார்டன் ரீச். பெங்கால் நாக்பூர் ரயில்வே தன் தலைமை அலுவலகத்தை வைத்திருந்த அந்த இடத்தில் இன்று தென்கிழக்கு ரயில்வே இயங்குகிறது. ஒரே ஊரைச் சேர்ந்த இந்த இரண்டு நிர்வாகங்களும் மாஞ்செஸ்டரின் பேயர் பீக்காக் கம்பெனியிடமிருந்து ஒரே வகை எஞ்சினை வாங்கின. கில்லாண்டர்ஸ் நடத்திய ரயிலுக்கு 1910இல் ஒன்று கட்டப்பட்டது. அதற்குப் பிறகு அந்த வகையில் இன்னொன்று வரவே இல்லை. கார்டன் ரீச்காரர்கள் 1925இல் இரண்டை வாங்கிச் சோதித்தார்கள். 1939க்குள் இன்னும் முப்பது வாங்கினார்கள்.

அந்த எஞ்சினின் பெயர் காரட். நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு சக்கரத் தொகுதிகள். ரயில் பிரியர்கள் அதைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: செங்குத்தான, வளைந்து நெளியும் மலைப் பாதைகளுக்கென்றே பிறந்த எஞ்சின் இது. அந்த வாக்கியம் சரியாக இருந்தால், டார்ஜிலிங்தானே முப்பது எஞ்சின்கள் வாங்கியிருக்க வேண்டும்? பெங்கால் நாக்பூர் ரயில்வே ஒன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. இந்தத் தலைகீழ்க் கணக்குக்கு என்ன காரணம் என்று பார்த்தால்தான் எஞ்சினை நேர்மையாக எடைபோட முடியும்.

முதலில் அது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று பார்ப்போம். இழுவை கூட வேண்டுமானால் நீராவி கூட வேண்டும், கொதிகலன் பெரிதாக வேண்டும். கொதிகலன் பெரிதானால் எடை ஏறும். தண்டவாளமும் பாலங்களும் ஓர் அச்சுக்கு இவ்வளவுதான் தாங்கும் என்ற வரம்பு இருப்பதால் அச்சுகளைக் கூட்ட வேண்டும். அச்சுகளை வரிசையாக ஒரே சட்டத்தில் இறுக்கினால் வளைவில் எஞ்சின் திரும்பாது. திருப்பினால் தண்டவாளத்தைத் தின்னும். இந்த வட்டத்திலிருந்து வெளியேறப் பலர் முயன்றார்கள். ராபர்ட் ஃபேர்லி 1860களில் இரட்டைக் கொதிகலனை இரண்டு திரும்பும் சக்கரத் தொகுதிகள் மேல் வைத்தார். கரிக்கும் தண்ணீருக்கும் இடம் போதவில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்த அனத்தோல் மாலே 1880களில் முன் தொகுதியை மட்டும் கீலில் திரும்பவிட்டு, பின் தொகுதியைக் கொதிகலனோடு இறுக்கிவிட்டார். வளைவு கடுமையாக இருந்தால் மாலே எஞ்சினின் முன்பக்கக் கொதிகலன் பாதையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொள்ளும்.

ஹெர்பர்ட் வில்லியம் காரட் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் யோசனை வேறு. 1907இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பைப் பல்லக்கோடு ஒப்பிடலாம். முன்னால் தூக்குபவர்களும் பின்னால் தூக்குபவர்களும் தெருவின் வளைவில் தனித்தனியே திரும்புகிறார்கள். நடுவில் தொங்கும் பல்லக்கு வளைவின் உட்பக்கமாகச் சாய்ந்து போகிறது. கொதிகலன் சக்கரங்களுக்கு மேல் உட்காராமல் இரண்டு தொகுதிகளுக்கும் நடுவே தொங்குவதால், அதைக் குட்டையாகவும் பருமனாகவும் செய்யலாம். அடியில் ஆழமான நெருப்புப் பெட்டி வைக்கலாம். சாம்பல் கொட்டவும் காற்று நுழையவும் தாராளமாக இடம் உண்டு. காகிதத்தில் பார்த்தால் குறையே தெரியாத அமைப்பு. குறைகள் ஓடும்போது தெரியும். அசையும் தொகுதிகளுக்கு நீராவியைக் கொண்டுபோக அசையும் குழாய் மூட்டுகள் வேண்டும், அவை ஒழுகும். பிஸ்டன், தண்டு, வால்வு எல்லாமே இரட்டை. ஒர்க்‌ஷாப்பில் வேலையும் இரட்டை. முன்பக்கத் தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய முன் சக்கரங்கள் மேல் அழுத்தம் குறைந்து பிடிமானம் தளரும்.

இனி டார்ஜிலிங். 1881இல் முழுதாகத் திறக்கப்பட்ட அந்த இரண்டடி அகலப் பாதை, சிலிகுரிச் சமவெளியிலிருந்து 2,258 மீட்டர் உயரத்தில் உள்ள கூம் வரை ஏறி, பிறகு டார்ஜிலிங்குக்கு இறங்குகிறது. சராசரியாக முப்பதடிக்கு ஓர் அடி ஏற்றம். சில இடங்களில் அதைவிடச் செங்குத்து. டிந்தாரியாவுக்கு மேலே உள்ள ‘அகனி பாயிண்ட்’ வளைவின் ஆரம் சுமார் 18 மீட்டர்தான். கொல்கத்தா வீடுகளில் பூஜை விடுமுறைக்குப் போய்வந்தவர்கள் இந்த வளைவைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். இந்தியாவில் மடங்கும் எஞ்சினுக்குச் சோதனைக்களம் என்று ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் இங்கேதான் விரலை வைப்பார்கள்.

1909இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு இரண்டு காரட் எஞ்சின்கள் போயின. உலகில் மூன்றாவதாகக் கட்டப்பட்டது டார்ஜிலிங்குடையது. டாஸ்மேனிய எஞ்சின்களில் சிலிண்டர்கள் உள்பக்கம், கொதிகலனுக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. நீராவி முதலில் ஒரு ஜோடியிலும் பிறகு இன்னொரு ஜோடியிலும் வேலை செய்தது. டார்ஜிலிங் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் நீராவி நேராகப் போயிற்று, அவை இரு கோடிகளிலும் வெளிப்புறமாக நின்றன. பின்னாளில் ஆப்பிரிக்காவெங்கும் ஓடிய காரட்டுகளின் வடிவம் இதுதான். அந்த வகையில் டார்ஜிலிங்கின் ‘டி’ வகுப்பு எஞ்சினுக்கு வரலாற்றில் உறுதியான இடம் உண்டு. ஆனால் வரலாற்றில் இடம் பிடிப்பது வேறு, மலையேறிச் சம்பாதிப்பது வேறு.

கணக்கைப் பார்ப்போம். டார்ஜிலிங்கின் வழக்கமான எஞ்சின் 1889 முதல் வந்த ‘பி’ வகுப்பு. இரண்டே அச்சுகள், கொதிகலன் மேல் சேணம் போல உட்கார்ந்த தண்ணீர்த் தொட்டி, எடை பதினான்கு டன்னையொட்டி. காரட்டின் எடை 28 டன், அச்சுகள் நான்கு, சிலிண்டர்களின் அளவும் ‘பி’யுடையதே. அதாவது இரண்டு ‘பி’ எஞ்சின்களை முதுகோடு முதுகு ஒட்டி நடுவில் ஒரே கொதிகலன் வைத்தது போல. ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரண்டிலும் ஏறக்குறைய ஏழு டன்தான். மற்ற ரயில்வேக்களில் காரட் தந்த பெரிய லாபம், பாரத்தைப் பல அச்சுகளில் பரப்பியது. டார்ஜிலிங்கில் அந்த லாபத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் ‘பி’ எஞ்சினில் இழுக்காத சக்கரம் ஒன்றுகூடக் கிடையாது. முழு எடையும் ஏற்கெனவே பிடிமானமாகத்தான் இருந்தது. வளைவில் திரும்பும் லாபமும் அப்படியே: இரண்டே அச்சுள்ள குட்டி எஞ்சின் அந்த வளைவில் ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் மிச்சமானது என்ன? ஆட்கள். ‘பி’ எஞ்சின் ஒன்றில் டிரைவர், ஃபயர்மேன், கரிப் பெட்டி மேல் உட்கார்ந்து கட்டிகளை உடைத்துத் தருபவர், முன் பம்பர் மேல் உட்கார்ந்து வழுக்கும் தண்டவாளத்தில் கையால் மணல் தூவும் இருவர் என்று ஒரு குடும்பமே தொற்றிக்கொண்டிருக்கும். இரண்டு எஞ்சின்களுக்குப் பதில் ஒன்று என்றால் இரண்டு குழு ஒரு குழுவாகும். கூலி மலிவாகக் கிடைத்த காலத்தில், குர்சியாங்கிலும் சிலிகுரியிலும் ஆளெடுத்த ஒரு கம்பெனிக்கு இந்த மிச்சம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்? கிளைவ் தெருவில் கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர்கள் அதற்காகப் புதிய வகை எஞ்சினின் உதிரிப் பாகங்களையும் ஒழுகும் மூட்டுகளையும் சுமக்க அவசரப்பட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

இதைவிடப் பெரிய தடை பாதையே. ஏற்றத்தைச் சமாளிக்க டார்ஜிலிங் பாதையில் இசட் வடிவத் திருப்பங்கள் உண்டு: ரயில் ஒரு முட்டுச்சந்துக்குள் போய் நின்று, பின்னோக்கி அடுத்த தளத்துக்கு ஏறி, மறுபடி முன்னோக்கிக் கிளம்பும். அந்த முட்டுச்சந்தின் நீளம்தான் ரயிலின் நீளம். எஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் அங்கே நுழையாத பெட்டியை இழுத்து என்ன பயன்? இந்த ரயில்வே தன் போக்குவரத்தை நடத்திய முறையும் அதற்கேற்பத்தான் வளர்ந்தது. ஒரு பெரிய ரயிலுக்குப் பதில் சின்னச் சின்ன ரயில்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்வைத் தூரத்தில். ஒன்று நின்றால் மற்றது நிற்கலாம். மழையில் மண் சரிந்தால் ஆட்களே இறங்கி வழி செய்யலாம். காரட் இந்த ஒழுங்குக்கு வெளியே பிறந்த எஞ்சின். ஒரு பெரிய எஞ்சின் பழுதானால் இரண்டு ரயிலின் வேலை நின்றது. இரண்டு ‘பி’யில் ஒன்று பழுதானால் ஒன்று ஓடியது.

வாங்கியவரின் கையெழுத்தைவிட நல்ல தீர்ப்பு வேறில்லை. காரட் வந்த பிறகும் டார்ஜிலிங் ரயில்வே ‘பி’ வகுப்பையே வாங்கிக்கொண்டிருந்தது. 1917இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிடமிருந்து மூன்று வந்தன. டிந்தாரியா ஒர்க்‌ஷாப்பிலேயே மூன்று கட்டிக்கொண்டார்கள். 1920களின் நடுப்பகுதி வரை இந்த வகுப்பு பெருகி மொத்தம் 34 ஆயிற்று. இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம், அதையும் கேட்க வேண்டும்: 1914இல் போர் வந்துவிட்டது, புதிய வடிவத்தில் பணம் போட நேரமில்லை. ஆனால் அதே 1914இல்தான் நார்த் பிரிட்டிஷ் கம்பெனியிடமிருந்து முற்றிலும் வேறொரு வகை எஞ்சின் இரண்டை அந்த ரயில்வே வாங்கியது. எனவே புதுமைக்குப் பயம் என்று சொல்ல முடியாது. இன்னொரு மறுப்பு வலுவானது: தோல்வியென்றால் ஏன் 1954 வரை வைத்திருந்தார்கள்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் எஞ்சின் கணக்கில் இருந்தது என்றால் அது உதவாக்கரை இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். அது கெட்ட எஞ்சின் அன்று. ஆனால் தேவையில்லாத எஞ்சின்.

ஷிம்லாவிலும் இதே கதை, இன்னும் வெளிப்படையாக. 1903இல் திறந்த கால்கா–ஷிம்லா பாதைக்கு 1928இல் கிட்சன் கம்பெனி இரண்டு ‘கிட்சன்–மேயர்’ எஞ்சின்களை அனுப்பியது. இதுவும் இரண்டு தொகுதிகளில் திரும்பும் வகைதான், எடை 68 டன். அதன் பலத்துக்கேற்ற சரக்கைச் சேர்க்க ஒரு நாளே ஆயிற்று. சரக்கு அனுப்புகிறவர்கள் காத்திருந்து அலுத்து லாரியைத் தேடிப் போனார்கள். கடைசியில் எஞ்சின்கள் காங்ரா பள்ளத்தாக்குக்கு மாற்றப்பட்டன. அந்த மலைக்கு இழுவை குறையாக இருந்ததேயில்லை. குறையாக இருந்தது இழுக்கச் சரக்கு.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நீலகிரி நினைவுக்கு வரும். மேட்டுப்பாளையம்–குன்னூர் ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. அங்கே மடங்கும் எஞ்சின் எதுவும் வரவில்லை; சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த ‘எக்ஸ்’ வகுப்பு வந்தது. அதற்கும் நான்கு சிலிண்டர்கள் உண்டு, ஆனால் வேலைப் பிரிவினை வேறு: ஒரு ஜோடி சக்கரங்களைச் சுற்றும், இன்னொரு ஜோடி தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள பற்சட்டத்தைப் பற்களால் பிடித்து ஏறும். ஏற்றம் மிகும்போது சக்கரத்தின் உராய்வை நம்பிப் பயனில்லை என்று அங்கே முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அந்த முடிவின் முன் காரட்டின் முழுப் புத்திசாலித்தனமும் பொருளற்றுப் போகிறது, ஏனென்றால் அதுவும் உராய்வை நம்பும் எஞ்சின்தான்.

இப்போது கார்டன் ரீச்சுக்கு வருவோம். பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் ஹௌரா–நாக்பூர் முதன்மைப் பாதை சக்ரதர்பூரைக் கடந்ததும் சாரண்டா காட்டு மலைகளில் ஏறுகிறது. ஏற்றம் நூற்றுக்கு ஒன்று. டார்ஜிலிங் கண்ணோடு பார்த்தால் இது ஏற்றமே இல்லை. வளைவுகளும் அகலப் பாதைக்கேற்றபடி மென்மையானவை. ஆனால் இந்த வழியில் போனது நிலக்கரியும் தாதுவும், ஜாம்ஷெட்பூர் உருக்காலைக்கும் கொல்கத்தாத் துறைமுகத்துக்கும் போகும் கனத்த சரக்கு. சக்ரதர்பூர்–ஜார்சுகுடா பகுதியில் ரயிலை ஒரு எஞ்சின் இழுக்க முடியாமல் இரண்டு மாட்டவேண்டியிருந்தது. அங்கே முட்டுச்சந்து இல்லை. ரயிலை எவ்வளவு நீட்டினாலும் போகும். தடை ஒன்றே ஒன்று, இழுவை. அதை ஒரே சட்டத்தில் கூட்டினால் அச்சுப் பாரம் தாண்டும்.

1925இல் வந்த இரண்டு ‘எச்.எஸ்.ஜி.’ எஞ்சின்கள் இந்தப் பகுதியில் சோதிக்கப்பட்டன. அவற்றின் முடிவு, 1929இல் வந்த பதினாறு ‘என்’ வகுப்பு எஞ்சின்கள். எடை 234 டன். இழுக்கும் அச்சுகள் எட்டு, ஒவ்வொன்றின் மேலும் 20 டன். இழுவிசை சுமார் 31 டன். இந்தியாவில் ஓடிய நீராவி எஞ்சின்களில் இவற்றைவிடப் பெரியவை கிடையாது. 1931இல் பத்து ‘என்.எம்.’, 1939இல் நான்கு ‘பி’ (இந்தப் பெயர் டார்ஜிலிங்கின் ‘பி’யோடு குழப்பவே வைத்தது போலத் தோன்றும், உண்மையில் ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்துகள்). மீண்டும் மீண்டும் வாங்கினார்கள், டீசலும் மின்சாரமும் வரும்வரை ஓட்டினார்கள். ஒர்க்‌ஷாப் வேலை இரட்டை என்று முன்பு சொன்ன குறை இங்கே கரைந்துபோகிறது: பக்கத்தில் காரக்பூர் போன்ற பெரிய ஒர்க்‌ஷாப், ஒரே வகையில் பல எஞ்சின்கள், பழகிய கைகள். ஒற்றை எஞ்சினுக்கு உதிரிப் பாகம் தேடித் திண்டாடும் டிந்தாரியாவின் நிலை இங்கே இல்லை. 1960ஐ ஒட்டி நாட்டின் முதல் 25 கிலோவோல்ட் மின்சாரப் பாதையை இதே தாது நாட்டில், ராஜ்கர்சாவான்–டாங்கோவாபோசியில், போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே இழுவைக்கான பசி அவ்வளவு.

என் வாதத்துக்கு எதிரான சாட்சிகளையும் கூப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மலைகளில் டார்ஜிலிங் அகலமுள்ள இரண்டடிப் பாதைகளிலேயே 1937 முதல் கட்டப்பட்ட ‘என்.ஜி.ஜி.16’ வகை காரட்டுகள் பல பத்தாண்டுகள் சிறப்பாக ஓடின. இன்றும் வேல்ஸில் சுற்றுலா ரயில் இழுக்கின்றன. ஆனால் அந்தப் பாதைகளின் வளைவுகள் டார்ஜிலிங்குடையதைவிட விரிந்தவை, ரயிலை நீட்ட இடம் இருந்தது. கென்யாவில் மொம்பாசா–நைரோபிப் பாதைக்கு 1955இலிருந்து வந்த 34 பெரிய காரட்டுகள், மீட்டர் பாதையில் 252 டன். அங்கேயும் கேள்வி எடைதான்.

இலங்கை கொஞ்சம் சிரமமான சாட்சி. மலைநாட்டுப் பாதை 44க்கு ஒன்று என்ற ஏற்றத்தில், சுமார் நூறு மீட்டர் ஆரமுள்ள வளைவுகளில், 1,898 மீட்டர் உயரத்தில் உள்ள பட்டிப்பொலவரை ஏறுகிறது. நம் மலையகத் தமிழர்கள் பறித்த தேயிலை இறங்கிய பாதை. அங்கே 1927இல் ஒரு காரட் வந்தது. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் வேறில்லை; 1945இல் எட்டு வந்தன. முதல் ஒன்றைக் கண்டு உடனே மறு ஆர்டர் கொடுக்கவில்லை என்பது என் பக்கம் சாய்கிறது. கடைசியில் எட்டு வாங்கினார்கள் என்பது எதிர்ப்பக்கம். பத்தாண்டுக்குள் கனடிய டீசல்கள் வந்து வழக்கை முடித்துவிட்டதால் அந்த எட்டுக்கும் முழு வாய்ப்பு கிடைக்கவில்லை. டார்ஜிலிங்குக்கும் சாரண்டாவுக்கும் இடையில் ஒரு நடுப்பகுதி உண்டு, அங்கே காரட் செல்லுபடியாகும் என்று மட்டும் இலங்கையை வைத்துச் சொல்லலாம்.

ஆக என் தீர்ப்பு இது. காரட் சிறந்த எஞ்சின், ஆனால் அதற்குச் சூட்டப்பட்ட பட்டம் தவறு. அது வளைவைத் தீர்க்க வந்த எஞ்சினாக விற்கப்பட்டது. உண்மையில் அது தீர்த்தது பாரத்தை. வளைவு கடுமையாகும் இடத்தில் பாதையே ரயிலைக் குட்டையாக்கிவிடுவதால், கூடுதல் இழுவைக்கு அங்கே சந்தை இல்லை. சரிவு கடுமையாகும் இடத்தில் பற்சட்டம் அதை வெல்லும். மிதமான ஏற்றமும் தாராள வளைவும் தீராத சரக்கும் சேரும் இடத்தில்தான் அதற்கு நிகர் இல்லை. இந்த அளவுகோலில் கிளைவ் தெருவின் ஒற்றை எஞ்சினும் கார்டன் ரீச்சின் முப்பத்திரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல, இரண்டு அலுவலகமும் சரியாகவே முடிவெடுத்தன.

இந்தத் தீர்ப்பில் ஓர் இடத்தை நான் தளர்த்திச் சொல்ல வேண்டும். டார்ஜிலிங் பாதைக்கு 2000ஆம் ஆண்டில் ‘என்.டி.எம்.6’ டீசல் எஞ்சின்கள் வந்தன, அன்றாட வண்டிகளில் பெரும்பங்கை அவை எடுத்துக்கொண்டன. அவற்றின் சக்கர அமைப்பு: இரண்டு தனித்தனித் தொகுதிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு அச்சுகள், எல்லா அச்சுகளும் இழுப்பவை. 1910இல் மாஞ்செஸ்டரில் கட்டப்பட்ட காரட்டுக்கும் அதே அமைப்பு. அப்படியானால் வடிவத்தில் தவறில்லை என்றுதான் ஆகிறது. அகனி பாயிண்ட் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் இந்த டீசலைக் கொண்டுவந்தவர்கள் தேடியது ரயிலை நீட்டும் வழியை அன்று. கரி உடைக்கவும் நெருப்பு ஊட்டவும் ஆட்களைத் தேடும் நிலையிலிருந்து விடுபட்டார்கள், அசையும் நீராவி மூட்டும் இல்லாமல் போனது. காரட் வந்த காலத்தில் கணக்கில் சிறிதாக இருந்த கூலி, தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு அதே மலையில் பெரிதாகியிருந்தது. ரயிலோ இன்னும் அதே குட்டை ரயில்தான்.